சோப்புக் குமிழி

பாத்திரம் கழுவும்போது ஒரு சின்னக் குமிழி விரலிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. குழாயை மூடிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சோப்பு மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரை நாடும், மறுமுனை விலகி ஓடும். அந்த மாதிரி மூலக்கூறுகளைத் தண்ணீரில் விட்டால், யாரும் சொல்லித்தராமலே வரிசைகட்டிச் சுவராகிவிடும்.

1969-ல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லிலும் இப்படிப்பட்டவை இருந்தன. டேவிட் டீமர் என்ற விஞ்ஞானி அவற்றைப் பிரித்தெடுத்துத் தண்ணீரில் சேர்த்தபோது நுண்ணிய பைகள் தாமாகவே உருவாயின, 1985-ல். செல்லின் உறை போல!

உயிர் எப்படித் தோன்றியிருக்கும் என்று தேடிய வேதியியலாளர் மில்லர் 1953-ல் வாயுக் கலவையில் மின்பொறி பாய்ச்சி, புரதங்களைக் கட்டும் அமினோ அமிலங்களை உண்டாக்கியது எல்லோருக்கும் தெரிந்த கதை. சரி, ஆனால் எனக்கு இந்தப் பைதான் பெரிதாகத் தெரிகிறது. உள்ளே, வெளியே என்று பிரிந்தால்தானே அப்புறம் மரபுச் செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ. எல்லாம் சிதறாமல் உள்ளே தங்கும்?

ஏதோ ஒரு குட்டையிலோ கடலடி வெந்நீர் ஊற்றிலோ முதல் பை மூடிக்கொண்ட நொடியை நினைத்தால் சிலிர்க்கிறது.

குமிழியை உடைக்க மனசு வரவில்லை.