ஆளுநர் மகளின் கொடையும் அது விளைந்த நிலமும்

ஆளுநரின் மகள் என்றால் வாசலில் நின்று விருந்தினரை வரவேற்பவர், மேடையில் பரிசுக் கோப்பை எடுத்துக் கொடுப்பவர் என்றுதான், பினாங்கில் தமிழ்ப்பள்ளி ஆண்டு விழாக்களைப் பார்த்து வளர்ந்த நமக்குத் தோன்றும். டெக்சஸ் மாநிலத்து ஐமா ஹாக் அதற்குள் அடங்குபவர் அல்லர். அவருடைய தந்தை ஜேம்ஸ் ஹாக் 1891 முதல் 1895 வரை அம்மாநில ஆளுநர். பதவிக்காலம் முடிந்த அதே ஆண்டில் தாய் காசநோயால் இறந்துவிட, பதின்மூன்று வயதுப் பெண் தந்தைக்குத் துணையாகவும் தம்பிகளுக்குத் தாயாகவும் ஆனார்.

தாம் வாங்கிய வார்னர் தோட்டத்தைப் பதினைந்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது என்று எழுதிவைத்துவிட்டுத் தந்தை 1906-இல் மறைந்தார். பின்னர் அந்த மண்ணிலிருந்து எண்ணெய் கிடைத்தது. முன்பு அடிமைகள் கரும்பு வெட்டிய மண் அது. செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்தவர்களின் வழிவந்த நமக்கு, தோட்டத்துப் பணம் என்றதும் அது யாருடைய உழைப்பில் விளைந்தது என்று கேட்காமலிருக்க முடிவதில்லை. (அடிமைமுறையும் ஒப்பந்தக் கூலிமுறையும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

1920-இல் ஓவியர் ஒருவரிடம் தம் உருவப்படத்துக்காக அமரச் சென்ற ஐமா, அங்கிருந்த பழைய மேப்பிள் மர நாற்காலியில் மனத்தைப் பறிகொடுத்தார். அன்று பிடித்த ஆசையால் சேர்த்த பழம்பொருள்களையும், அவற்றை வைத்திருந்த பேயூ பெண்ட் மாளிகையையும், 1957-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். பலரும் பேசுவது இதைத்தான். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. தாமே கடும் மனச்சோர்வில் விழுந்து நெடுநாள் சிகிச்சை பெற்றவர், மனநோயைக் குடும்பத்துக்குள்ளேயே மூடிமறைத்த காலத்தில், 1929-இல் குழந்தைகளுக்கான மனநல வழிகாட்டு மையத்தை ஹூஸ்டனில் தொடங்கினார். அண்ணன் வில் விட்டுச்சென்ற சொத்தைக் கொண்டு 1940-இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் எழுந்த மனநல அறக்கட்டளையும் அவர் முயற்சியே.

1943-இல் தேர்தலில் வென்று ஹூஸ்டன் பள்ளி வாரியத்தில் அமர்ந்தவர், ஆசிரியர் சம்பளத்தில் ஆண், பெண், வெள்ளையர், கறுப்பர் என்ற வேறுபாடு கூடாது என்று வாதாடினார். ஆனால் அவருடைய சகோதரர்கள் உருவாக்கிய ரிவர் ஓக்ஸ் குடியிருப்பிலோ, கறுப்பினத்தவர் வீடு வாங்க முடியாதபடி பத்திரத்திலேயே எழுதியிருந்தார்கள். பேயூ பெண்ட் நிற்பதும் அந்த வட்டாரத்தில்தான்.