டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏறிய ஒரு வரி

என் மகன் குணமாகி வீடு திரும்பிய பிறகும் எங்களை அலைக்கழித்தது, அவனுடைய டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்த ‘பென்சிலின் வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை’ என்ற வரிதான். மைக்கோபிளாஸ்மா நிமோனியே என்ற பாக்டீரியா மூச்சுப்பாதையைத் தாக்கும்போது சிலருக்கு, பெரும்பாலும் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு, வாய், கண், பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் சவ்வு உரிந்து புண்ணாகிவிடும். இதை ஆங்கிலச் சுருக்கத்தில் எம்ஐஆர்எம் (மைக்கோபிளாஸ்மாவால் வரும் தடிப்பும் சவ்வுப் புண்ணும்) என்பார்கள். அப்படி ஆகும்போது பழி முதலில் மருந்தின் மேல்தான் விழுகிறது.

ஒரு வாரத்துக்கு மேல் காய்ச்சலும் வறட்டு இருமலுமாக இருந்தவனுக்கு, எங்கள் பகுதி மருத்துவர் பென்சிலின் வகையைச் சேர்ந்த அமாக்சிசிலின் எழுதிக் கொடுத்தார். மறுநாளே உதடு வீங்கிக் கொப்புளித்தது. கண்கள் சிவந்து பீளை கட்டின. அவசரப் பிரிவில் இருந்தவர் என்ன மாத்திரை கொடுத்தோம் என்று கேட்டாரே தவிர, இருமல் எப்போது தொடங்கியது என்று கேட்கவில்லை. ஸ்டீவன்ஸ்–ஜான்சன் (தோலும் சவ்வும் உரியும், பெரும்பாலும் மருந்தால் வரும் கடும் நோய்), மருந்து ஒவ்வாமை என்று எழுதி முடித்துவிட்டார். அமாக்சிசிலினை உடனே நிறுத்தியதில் எனக்கு வருத்தமில்லை. சந்தேகம் இருக்கும்வரை அதுதான் முறை. சந்தேகத்தை முடிவாக எழுதியதுதான் தவறு.

மறுநாள் வந்த தோல் மருத்துவர் தேதிகளை வரிசையாகக் கேட்டார். மருந்தால் வரும் ஸ்டீவன்ஸ்–ஜான்சன் பெரும்பாலும் அந்த மருந்தைத் தொடங்கி நான்கு நாள் முதல் நான்கு வாரத்துக்குள் தலைகாட்டும் என்றும், இவனுக்கோ கைகளில் சில புள்ளிகள் மட்டுமே இருக்க வாய் முழுக்க ரணமாகியிருப்பதால் தொற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்றும் விளக்கினார். எக்ஸ்ரேயில் நுரையீரலில் சளி தெரிந்தது.

தொண்டைச் சளியில் கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை செய்யச் சொன்னார். அந்த வசதி மருத்துவமனையில் இல்லாததால் வெளி ஆய்வகத்தை நாடினோம். அவர்களோ சீட்டைச் சரியாகப் படிக்காமல் இரத்தம் எடுத்து ஐஜிஎம் (தொற்றை எதிர்த்து உடல் முதலில் உருவாக்கும் எதிர்ப்பொருள்) மட்டும் பார்த்து, ‘நெகட்டிவ்’ என்று அனுப்பிவிட்டார்கள். நோயின் தொடக்கத்தில் ஐஜிஎம் தெரியாமல் போவது உண்டு என்பதை மருத்துவர் சொல்லியிராவிட்டால், அந்தத் தாளோடு கதை முடிந்திருக்கும். மறுபடி தொண்டையில் எடுத்துக் கொடுத்த சளியில் பிசிஆர் ‘பாசிட்டிவ்’ என்று வந்தது. இந்தப் பாக்டீரியாவுக்குச் செல்சுவரே கிடையாது என்பதால், செல்சுவரைத் தாக்கும் பென்சிலின் வகை மருந்துகள் இதனிடம் எடுபடா; அதனால் வேறு வகை ஆன்டிபயாடிக்கான அசித்ரோமைசின் கொடுத்தார்கள்.

வார்டில் கற்றவை சில. காலையில் உதடுகள் இரத்தப் பொருக்கோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இழுத்துப் பிரிக்காமல், சலைனில் நனைத்த பஞ்சுத்துணியை வைத்து ஊறவிட்டு, பிறகு வாசலின் தடவ வேண்டும். மரத்துப்போகச் செய்யும் ஜெல்லை வாயில் தடவிச் சற்றுப் பொறுத்தால் ஆறிய கஞ்சி இறங்கும். சிறுநீர் கழிக்கும்போது எரிகிறதா என்று நீங்களே கேளுங்கள்; இந்த வயதுப் பையன்கள் வெட்கப்பட்டு மறைப்பார்கள். கண் மருத்துவரைக் கட்டாயம் வரவழையுங்கள். ஞாயிற்றுக்கிழமை வரமாட்டார் என்றார்கள். இமை கண்விழியோடு ஒட்டிப்போகும் அபாயம் உண்டு என்று தோல் மருத்துவரே தொலைபேசியில் பேசிய பிறகுதான் வந்தார்.

அதன்பின் காய்ச்சல் இறங்கியது, புண் ஆறியது, வீட்டுக்கு வந்தோம். பையைப் பிரித்துப் பார்த்தால், சம்மரியில் அவசரப் பிரிவில் எழுதிய வரி அப்படியே இருந்தது. பதிவேட்டுப் பிரிவு ஊழியர், டிஸ்சார்ஜ் ஆன கோப்பு கணினியில் திறக்காது என்றார். இன்னொரு நாள் போனபோது, இந்த நோயின் பெயரே தங்கள் பட்டியலில் இல்லை என்றார். இதற்குத் தனிப்பெயர் முன்மொழியப்பட்டதே 2015இல்தான் என்பதால் அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பட்டியலில் இல்லாத குற்றத்துக்காக என் பிள்ளை ஆயுள் முழுக்கப் பென்சிலினைத் தவிர்க்க வேண்டுமா? கோப்பைத் திருத்த முடியாவிட்டால் ‘இணைப்புக் குறிப்பு’ சேர்க்கலாம் என்ற வழியைத் தோல் மருத்துவர்தான் சொன்னார். மருந்து தொடங்கிய தேதி உள்ள சீட்டு, பிசிஆர் முடிவு, நாள்வாரியாக எடுத்த உதட்டுப் படங்கள் ஆகியவற்றை அவரிடம் கொடுத்தோம். மருந்து காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு, தேவைப்பட்டால் மருத்துவக் கண்காணிப்பில் பென்சிலின் கொடுத்துப் பார்க்கலாம், மூச்சுத்தொற்று வந்தால் இந்நோய் திரும்பக்கூடும் என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

முத்திரை குத்தி வாங்கிய தாளைக் கவுன்ட்டரை விட்டு நகராமல் அங்கேயே படித்தேன். மகனின் வயது 13 என்பதற்குப் பதிலாக 31 என்று இருந்தது. ஊழியர் பெருமூச்சு விட்டார், நான் நகரவில்லை.