கல்லறைத் தோட்டத்தில் 22 மாதம்: ஒரு பறவைக் குறிப்பேடு

சூரிய உதயத்தைப் பார்த்தேன், அங்கேயே கடவுளைக் கண்டேன் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் கொஞ்சம் சந்தேகம்தான். நானும் நிறைய உதயம் பார்த்திருக்கிறேன். அழகாக இருக்கும், கொட்டாவி வரும், வீட்டுக்கு வந்து விடுவேன். எனக்கு நடந்தது வேறு மாதிரி. அதற்குக் கொஞ்சம் நாளும் ஆனது. குறிப்பேட்டில் இருப்பதை வைத்து எழுதுகிறேன். இடையிடையே இப்போது தோன்றுவதையும் சேர்த்திருக்கிறேன்.

முதல் ஜூன். 19 இனங்கள்.

தூக்கம் பிடிக்காத ஆள் நான். நாலரைக்கு விழிப்பு வந்துவிடும். அந்த நேரத்தில் செய்யக்கூடிய பொழுதுபோக்கு என்று தேடியபோது பறவை பார்ப்பதுதான் கிடைத்தது. முதலில் செய்த தவறு, 10 மடங்கு பெரிதாக்கும் பைனாக்குலர் வாங்கியது. பறவையோடு சேர்ந்து கை நடுக்கமும் பத்து மடங்காகத் தெரிந்தது. அதைக் கொடுத்துவிட்டு 8x42 வாங்கினேன். எட்டு மடங்கு பெரிதாக்கம், முகப்பு லென்ஸ் 42 மில்லிமீட்டர். விடியற்காலை மங்கல் வெளிச்சத்துக்கு அது போதும், பார்வைப் பரப்பும் அகலம்.

இரண்டாவது தவறு எல்லாரும் செய்வது. பறவையைப் பார்த்தவுடன் குனிந்து பைனாக்குலரைத் தேடுவது. நிமிர்ந்தால் கிளை காலி. பறவையின்மேல் வைத்த கண்ணை எடுக்காமல், கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். இது கைவர எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

இடம்: மாதா கோவிலை ஒட்டிய பழைய கல்லறைத் தோட்டம். பக்தியெல்லாம் இல்லை. பெரிய மரங்கள், ஆள் நடமாட்டம் குறைவு, நாய்த் தொல்லை கிடையாது. எனக்கு எந்த மதமும் அப்போது ஒட்டவில்லை.

ஆகஸ்ட். 41 இனங்கள். ஒன்றை அடித்துத் திருத்தியது.

வல்லூறு என்று பெருமையாக ஈபேர்டில் பதிந்தேன். பறவை பார்ப்பவர்கள் தங்கள் பட்டியலைப் பதியும் இணையதளம் அது. சரிபார்ப்பவர் ஒருவர் பணிவாகக் கேட்டிருந்தார்: "அலகு வளைந்திருந்ததா? எப்படி உட்கார்ந்திருந்தது?" படத்தைத் திரும்பப் பார்த்தேன். அக்காக்குயில். மார்பில் அதே கோடுகள், வாலில் அதே பட்டைகள். சிறு பறவைகளே ஏமாந்து கூச்சல் போடும்போது நான் எம்மாத்திரம்! அதே வாரத்தில் தவிட்டுக்குருவிகள் தங்களைவிடப் பெரிய ஒரு குஞ்சுக்கு ஓடி ஓடி ஊட்டுவதைப் பார்த்தேன். அதுவும் அக்காக்குயில் குஞ்சுதான். "இயற்கை அன்னை" என்று எழுதுகிறவர்கள் ஒரு மணிநேரம் அதைப் பார்க்கலாம்.

அந்தச் சரிபார்ப்பவரிடம் இன்னொன்றும் கற்றேன். அரிய பறவையை மட்டும் எழுதிவிட்டுப் போகக் கூடாது. முழுப் பட்டியல் என்றால், அடையாளம் கண்ட அத்தனை இனமும் அதில் இருக்க வேண்டும், காகம் உட்பட. அப்போதுதான் பட்டியலில் இல்லாதது உண்மையிலேயே கண்ணில் படவில்லை என்று பொருளாகும். வந்தும் ஒன்றும் பார்க்காத நாளுக்கும் மதிப்புண்டு. அன்று முதல் காகத்தை எண்ண ஆரம்பித்தேன். எண்ண ஆரம்பித்தால்தான் தெரிகிறது, ஒரு காகம் மாதிரி இன்னொன்று இருப்பதில்லை.

அக்டோபர். ஆறுமணிக்குருவி!

மூன்று நாளாகச் சருகுக்குள் ஏதோ கிளறும் சத்தம். ஆளைக் காணோம். நான்காம் நாள் ஒரு சிலுவைக் கல்லுக்குப் பின்னால் அசையாமல் நின்றேன். 35 நிமிடம். வந்தது. பச்சை முதுகு, இறக்கையில் மின்னும் நீலம், கண் வழியே கறுப்புப் பட்டை, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, வால் இருக்கிறதா என்றே தெரியாத மொட்டை உருவம். வடக்கே இனப்பெருக்கம் செய்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே, இலங்கை வரைக்கும் வருகிற பறவை. இரவில் பறந்து வரும். விடியலிலும் அந்தியிலும் ஆறு மணியை ஒட்டி இரட்டைச் சீழ்க்கை அடிப்பதால் இந்தப் பெயர்.

அன்று காலை அது சீழ்க்கை அடித்த சற்று நேரத்தில் கோவில் மணி அடித்தது. ஜூனிலிருந்து தினமும் கேட்டுக்கொண்டிருந்த மணிதான். ஆனால் பறவைக் குரல்களைப் பிரித்துக் கேட்டுப் பழகிய காது அதையும் பிரித்தது. மூன்று, இடைவெளி. மூன்று, இடைவெளி. மூன்று. பிறகு தொடர்ச்சியாக. இது வெறும் நேரம் சொல்லும் மணி இல்லையே என்று தோட்டக்காரப் பெரியவரிடம் கேட்டேன்.

"மூவேளைச் செபம், தம்பி. காலை ஆறு, மதியம் பன்னண்டு, சாயங்காலம் ஆறு. தூதர் மாதாகிட்ட வந்து சொன்னதை நெனைக்கிறது." மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு நின்றபடியே அதைச் சொல்லியும் காட்டினார். 'வாக்கு மனிதர் ஆனார்' என்ற இடத்தில் தலை வணங்கினார். அவர் முழங்காலில் மண் ஒட்டியிருந்தது. ஏனோ அதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

நவம்பர் 2. கோபம்.

இறந்த விசுவாசிகள் அனைவரின் நினைவு நாள். அதற்கு இரண்டு நாள் முன்பே தோட்டத்தைக் கூட்டிச் சருகை எல்லாம் எரித்துவிட்டார்கள். ஆறுமணிக்குருவிக்குச் சருகுதான் சாப்பாட்டு மேசை. புழு, பூச்சி எல்லாம் அதற்கு அடியில்தான். பறவை காணாமல் போனது. சண்டை போடும் மனநிலையில்தான் அன்று மாலை போனேன்.

ஒவ்வொரு கல்லறையிலும் மெழுகுவர்த்தி. எழுத்து அழிந்த, யாருடையது என்றே தெரியாத கல்லறைகளிலும் யாரோ ஒன்று ஏற்றியிருந்தார்கள். ஒரு வயதான சிஸ்டர் அப்படிப்பட்ட ஒரு கல்லின் முன் நின்று செபித்துக்கொண்டிருந்தார். "இவங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?" என்று கேட்டேன். "இல்லப்பா. யாரும் வராததாலதான் நான் வந்தேன்."

சண்டையை மறந்துவிட்டேன். ஆனால் சருகு விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர், "அடுத்த வருஷம் அந்த மூலையை விட்டுடச் சொல்றேன். ஞாபகப்படுத்து" என்றார்.

ஜனவரி. ஒரு சாவு.

இந்த முறை உண்மையான வல்லூறு. நுழைவாயில் பக்கம் சிட்டுக்குருவிக் கூட்டத்தில் ஒன்றை அடித்துக் கல்லறைக் கல்மேல் வைத்துப் பிய்த்தது. குருவி உடனே சாகவில்லை. பைனாக்குலரில் எட்டு மடங்கு நெருக்கத்தில் பார்த்தேன். கை இறங்கவில்லை. அதன் பிறகு பத்து நாள் போகவில்லை.

அந்தப் பத்து நாளில் மத்தேயு நற்செய்தியை எடுத்தேன். வானத்துப் பறவைகளை நோக்குங்கள் என்று ஆறாம் அதிகாரத்தில் இருப்பது கேள்விப்பட்டதே. நோக்கினேன், ஐயா, நோக்கியதால்தான் இந்தக் கலக்கம் என்று சொல்லத் தோன்றியது. பத்தாம் அதிகாரத்தில் அதே பேச்சு வேறு மாதிரி வருகிறது. காசுக்கு இரண்டு குருவி விற்கிறார்கள், ஆனாலும் ஒன்றுகூடத் தந்தைக்குத் தெரியாமல் தரையில் விழாது என்கிற பொருளில். விழவே விழாது என்று அங்கே சொல்லவில்லை. அந்த இடத்தில்தான் நின்றுவிட்டேன்.

சிஸ்டரிடம் போய்க் கேட்டேன். அவர் லூக்காவைத் திறந்தார். அங்கே கணக்கு மாறுகிறது: இரண்டு காசுக்கு ஐந்து குருவி. "ஒரு காசுக்கு ரெண்டுன்னா, ரெண்டு காசுக்கு எத்தனை?" "நாலு." "அஞ்சாவது?" விழித்தேன். "கொசுறு. விலையே இல்லாதது. அதையும் கடவுள் மறக்கிறதில்லைன்னு சொல்றார். சொன்னவரும் கடைசியில அடிபட்டுத்தான் செத்தார், பாத்துக்க."

இதை அவர் விளக்கமாக வளர்க்கவில்லை. அடுத்த வேலைக்குப் போய்விட்டார். காகத்தை எண்ணப் பழகியிருக்காவிட்டால் அந்தக் கொசுறுக் கணக்கு எனக்கு ஒரு சாமர்த்தியமான பேச்சாகத்தான் பட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி முதல் மே வரை. 88 இனங்கள். படித்தது அதிகம், பார்த்தது குறைவு.

பறவையும் கத்தோலிக்கமும் என்றால் எல்லாரும் அசிசி பிரான்சிஸைத்தான் காட்டுவார்கள். கையில் குருவி உட்கார்ந்த சிலை. 1979-இல் போப் இரண்டாம் ஜான் பால் அவரைச் சூழலியலின் பாதுகாவலராக அறிவித்தார். இத்தாலியில் பெவாஞ்ஞா என்ற ஊர் அருகே பறவைகளுக்கு அவர் பிரசங்கம் செய்த கதையும் பிரபலம். எனக்கு அந்தச் சிலை பிடிக்காது, ரொம்ப இனிப்பு. ஆனால் 1225 வாக்கில், கண்நோய் முற்றிக் கிட்டத்தட்டப் பார்வை போன நிலையில் அவர் இயற்றிய படைப்புகளின் பாடலைப் படித்தேன். சூரியன், நிலா, காற்று, நீர், நெருப்பு, மண் எல்லாம் அதில் சகோதர சகோதரிகள். ஒரு பறவை இல்லை! தேடித் தேடிப் பார்த்தேன். கடைசியில் இருப்பது 'சகோதரி சாவு'. 1226-இல் அவர் இறக்கும் தறுவாயில் சேர்த்த வரி. வல்லூறைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு அது புரிந்தது.

இடைக்கால இறையியலாளர் அக்வினா தோமா கேட்ட ஒரு கேள்வியும் பிடித்துப் போனது: ஏன் இத்தனை வகை உயிர்கள்? கடவுளின் நன்மையை எந்த ஒரு படைப்பாலும் முழுமையாகக் காட்ட முடியாது, ஒன்றில் குறைவதை இன்னொன்று நிரப்பட்டும் என்றுதான் பலவற்றைப் படைத்தார் என்கிறார். இனப் பட்டியல் வைத்திருப்பவனுக்கு இதைவிட நல்ல சமாதானம் கிடைக்குமா?

ஜூனில், திருமுழுக்குக்குத் தயாராகும் மறைக்கல்விக்குச் சேர்ந்தேன்.

இரண்டாம் வருடம். சில கேள்விகள்.

பறவை நண்பர்கள் கேட்டது: "மரத்தடியிலேயே கடவுள் கிடைக்கிறாரே, உள்ளே எதுக்குப் போறே?" நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் காடு என் பாவத்தை மன்னித்து அனுப்பாது. மீன்கொத்தியிடம் போய் அப்பாவிடம் பேசாமல் இருந்த எட்டு வருடத்தைச் சொல்ல முடியாது. சொன்னாலும் அது மீனைத்தான் பார்க்கும். படைப்பு கடவுளின் காலடித் தடம் என்று பிரான்சிஸின் சபையைச் சேர்ந்த புனிதர் பொனவெந்தூர் சொல்கிறார். தடத்தைப் பார்த்தவன் ஆள் எங்கே என்று தேட வேண்டாமா?

மறைக்கல்வி எல்லா வாரமும் நன்றாக இருந்தது என்று சொல்லமாட்டேன். சில வாரம் தூங்கி வழிந்தேன். ஜெபமாலை எனக்கு இன்னும் தடுமாற்றம்தான், எண்ணிக்கையில் கெட்டிக்காரன் என்றாலும். செபத்தில் ஒன்றுமே நடக்காத வாரங்களில் ஃபாதர், "வந்து உட்கார்ந்தீங்கல்ல, அதையும் எழுதிக்குங்க" என்றார். ஈபேர்ட் சரிபார்ப்பவரும் இவரும் ஒரே ஆள்தானோ என்று ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது.

நவம்பர் 2: கிழக்கு மூலையில் சருகு அப்படியே இருந்தது. சிஸ்டர் மறக்கவில்லை. நவம்பர் 5: அங்கேயே ஆறுமணிக்குருவி, 1.

ஏப்ரல். பாஸ்கா திருவிழிப்பு, ஈஸ்டருக்கு முந்தைய இரவு வழிபாடு.

இருட்டில் கோவிலுக்கு வெளியே நெருப்பு மூட்டி, அதிலிருந்து பாஸ்கா திரியை ஏற்றி, அந்த ஒற்றை வெளிச்சத்தின் பின்னால் உள்ளே போனோம். அப்போது பாடும் புகழுரையின் இலத்தீன் மூலத்தில், மெழுகைத் தந்த தேனீக்களுக்கும் ஒரு புகழ் உண்டு. தேனீயைப் பிடித்துத் தின்னும் பஞ்சுருட்டான் இதைக் கேட்டால் என்ன சொல்லுமோ என்று நினைத்துச் சிரிப்பை அடக்கினேன். முதல் வாசகம் தொடக்கநூலில் படைப்பு. ஐந்தாம் நாள் பறவைகளும் நீர்வாழ் உயிர்களும். விவிலியத்தில் கடவுள் தரும் முதல் ஆசி அங்கேதான் வருகிறது. மனிதருக்கு மறுநாள்தான். வாசித்தவர் அந்த இடத்தை வேகமாகக் கடந்துவிட்டார்.

திருமுழுக்குத் தண்ணீர் எதிர்பார்த்ததைவிடக் குளிர்ச்சி. காதுக்குள்ளும் கொஞ்சம் போனது.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்குத் தோட்டத்தில் இருந்தேன். ஆறு மணி அடித்தது. மூன்று, மூன்று, மூன்று. பழக்கத்தில் 'ஆண்டவரின் தூதர்' என்று தொடங்கினேன். பின்னாலிருந்து பெரியவர்: "இன்னிக்கு அது இல்ல தம்பி. பாஸ்கா காலம் முடியிற வரைக்கும் 'விண்ணக அரசியே'." எனக்கு அது மனப்பாடம் இல்லை. அவர் சொல்லச் சொல்லத் திரும்பச் சொன்னேன்.

5.45 முதல் 6.40 வரை. காகம் 17, தவிட்டுக்குருவி 7, மைனா 6, சிட்டுக்குருவி 9, செண்பகம் 1, பஞ்சுருட்டான் 2. ஆறுமணிக்குருவி இல்லை. வடக்கே கிளம்பிவிட்டது போல.