ஒரு முடிச்சுக்காக மூன்று வாரம்

கடைசியில் மணி அடித்துவிட்டது! நேற்று இரவு பதினொன்றரைக்கு என் ஐந்து கம்பிக் கான்டெலேயின் நான்காம் கம்பியைச் சுண்டினேன். கான்டெலே என்பது விரலால் சுண்டி வாசிக்கும் பின்லாந்துக் கம்பி வாத்தியம். ஒலி நேராகத் தேய்ந்து மறையாமல், அலையலையாக எழுந்து தணிந்தது. இதற்காகத்தான் மூன்று வாரமாக விரலைக் கிழித்துக்கொண்டேன்.

வினையைத் தொடங்கி வைத்தது பீர்பௌகே என்ற பின்லாந்து இசைக்குழுவின் முதல் இசைத்தட்டு, 1975இல் வந்தது. கரேலிய வழக்கில் அந்தப் பெயருக்கு இரைச்சல் என்று பொருள். இசைத்தட்டோ பரம சாது. சாக்காரி குக்கோவின் சாக்சபோனும் ஹாஸ்ஸே வால்லியின் மின்கிதாரும் ஒன்றையொன்று முந்தவே முந்தாது. அதிலுள்ள 'கோனெவிட்சான் கிர்கொன்கெல்லோத்' பழைய கான்டெலே மெட்டு. ரஷ்யாவின் லடோகா ஏரியிலுள்ள கோனெவிட்சா தீவு மடாலய மணிகளை ஐந்து கம்பியில் அடித்துக் காட்டுவது. பின்லாந்திடம் இருந்த தீவு இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் பக்கம் போய்விட்டது. மின்கருவிகளில் இவ்வளவு இதமாக இருப்பது மூலக் கருவியில் எப்படி இருக்கும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை யோசித்தேன். திங்கட்கிழமை ஆல்டர் மரப் பலகை வீட்டில் இருந்தது.

குடைந்தது, இழைத்தது எல்லாம் வழக்கமான வேலை. ஸ்ப்ரூஸ் மர மேற்பலகையும் ஒழுங்காகவே ஒட்டியது. டி, ஈ, எஃப் ஷார்ப், ஜி, ஏ என்று சுருதியும் கூட்டிவிட்டேன். சுண்டினால் 'டங்'. அவ்வளவுதான். சுத்தமான, உயிரில்லாத 'டங்'.

தவறு என்னுடையது. கிதார் செய்த பழக்கத்தில் கம்பிக்கு அடியில் அழகாக ஒரு குதிரை, அதாவது கம்பியைத் தாங்கும் சிறு கட்டை, வைத்திருந்தேன். கான்டெலேயில் குதிரையே கிடையாது. கம்பியின் ஒரு முனை நேராக, சுருதி கூட்டத் திருகும் முறுக்காணிக்குப் போகிறது. மறுமுனை 'வர்ராஸ்' என்கிற குறுக்கு உலோகத் தண்டில் வெறும் முடிச்சாகக் கட்டப்படுகிறது. அந்த முடிச்சில்தான் சூட்சுமம். கம்பி மேலும் கீழும் ஆடும்போது அதற்கு ஒரு நீளம், பக்கவாட்டில் ஆடும்போது மயிரிழை வேறான நீளம். ஒரே கம்பியில் இரண்டு சுருதி, உரசி உரசி அலையாகிறது. நான் வைத்த குதிரை இரண்டு ஆட்டத்தையும் ஒரே இடத்தில் வெட்டிவிட்டது.

குதிரையைப் பெயர்த்தேன். முடிச்சு போடத் தெரியாது என்பது அப்போதுதான் தெரிந்தது.

0.4 மி.மீ. எஃகுக் கம்பி சொன்ன பேச்சைக் கேட்காது. தண்டைச் சுற்றி வளைத்து, வாலை நேர்க்கம்பியின் மேல் நெருக்கமாகச் சுற்றினேன். பார்க்க நகை வேலை போல இருந்தது. சுருதி ஏற ஏற முழுச் சுருளும் வழுக்கிக்கொண்டு வந்து, வால் கட்டை விரலில் பாய்ந்தது. ஆறு கம்பி இப்படிப் போனது. ஏழாவதில்தான் புத்தி வந்தது: முதல் இரண்டு மூன்று சுற்றில் இரண்டு கம்பியும் சமமாக ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ள வேண்டும், கயிறு திரிப்பது போல. பிறகுதான் வால் தனியாகச் சுற்ற வேண்டும். ஒன்று நேராக நிற்க, மற்றது மட்டும் அதைச் சுற்றினால் பிடிமானம் இல்லை. வளையத்தில் ஓர் ஆணியை நுழைத்து, வைஸில் பிடித்து, இரண்டு முனையையும் சம இழுப்பில் வைத்துத் திரித்தால் வருகிறது. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். நான் போடவில்லை, தப்பித்தேன்.

கம்பி ஒரு பியானோ பழுதுபார்ப்பவரின் மிச்சச் சுருள். காசு வாங்க மறுத்துவிட்டார். முறுக்காணி இணையக் கடையில் வாங்கியது. ஐந்துக்கு நான்குதான் வந்தது, அதிலும் ஒன்று குட்டை. கடிதம் எழுதினால் பதில் இல்லை. அடுத்ததற்கு பிர்ச் மரத்தில் நானே கடைந்துவிடப் போகிறேன். அடுத்தது பத்துக் கம்பி. பலகைகூடப் பார்த்து வைத்திருக்கிறேன், ஒரு ஓரத்தில் மட்டும் கணு இருக்கிறது. கணுவை அடிப்பக்கம் தள்ளிவிட்டால் குடையும்போது போய்விடும்.

இதற்கே இன்னும் ஆளி எண்ணெய் பூசவில்லை என்று வீட்டில் நினைவூட்டுகிறார்கள். எண்ணெய் காத்திருக்கும். மூன்றாம் கம்பியின் முடிச்சு இன்று காலை அரைச் சுற்று நழுவியிருந்தது. எஃப் ஷார்ப் கிட்டத்தட்ட எஃப் ஆகிவிட்டது. மெட்டை அப்படியே வாசித்துப் பார்த்தேன், மணி கொஞ்சம் துக்கமாக அடித்தது. கழற்றி மறுபடி திரிக்க வேண்டும். கம்பி இன்னும் இரண்டு முழம் இருக்கிறது.