சித்தப்பாவின் ரேடியோவும் 150 சொற்களும்

பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் கரையில் இருப்பவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். கடலில் கிடக்கும் நாட்டுப்படகுக்கு யார் சொல்வது? என் சித்தப்பா பாலிதீன் பையில் சுற்றிப் படகின் முன்பக்க அணியத்தில் செருகி வைத்திருக்கும் ரேடியோதான் சொல்ல வேண்டும். கொஞ்ச தூரம் போனாலே கைபேசிக்கு சிக்னல் கிடைக்காது. இரண்டு ஆண்டுகளாக அந்த ரேடியோவில் வானிலை அறிக்கை நேரத்தில் வெறும் இரைச்சல். முள்ளைச் சற்றுத் திருப்பினால் இலங்கை நிலையம் கணீரென்று கேட்கும்.

நம் வானொலி நிலையத்துக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன். (எந்த நிலையம் என்பது வேண்டாம்.) பதில் வரவில்லை. உள்ளூர்க் கட்சிக்காரர் ஒருவர், "எதற்குத் தம்பி அலைகிறாய்? நான் ஒரு போன் போட்டால் முடிந்தது" என்றார். ஆசையாகத்தான் இருந்தது. சித்தப்பாதான் தடுத்தார். "இன்றைக்கு வானிலைக்குப் போன் போடுகிறவர், நாளைக்குத் தன் கூட்டத்தைச் செய்தியில் சொல்லச் சொல்லியும் போடுவாரடா."

அதன் பிறகுதான், அகில இந்திய வானொலியையும் தூர்தர்ஷனையும் நடத்தும் தன்னாட்சி அமைப்பான பிரசார் பாரதிக்கான 1990ஆம் ஆண்டின் சட்டத்தை எடுத்துப் படித்தேன். அரசியல்வாதி எந்த வாசல் வழியாக உள்ளே வரலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. மக்களவையிலிருந்து 15 பேர், மாநிலங்களவையிலிருந்து 7 பேர், மொத்தம் 22 பேர் கொண்ட குழு மேற்பார்வையிட வேண்டும். சட்டம் நடைமுறைக்கு வந்த 1997ஆம் ஆண்டிலேயே ஓர் அவசரச் சட்டம் அந்தப் பிரிவை நீக்கியது. மறு ஆண்டு இன்னொரு அவசரச் சட்டம் அதைத் திரும்பச் சேர்த்தது. இத்தனைக்குப் பிறகும் குழு காகிதத்தைத் தாண்டவில்லை. தூண்டில் கயிறு இருக்கிறது, முள் இல்லை.

எனக்கு மிஞ்சியது எங்கள் எம்.பி. மூலம் நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்பது. ஏப்ரல் 15இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினேன். எம்.பி.யின் உதவியாளராக இருந்த இளம்பெண் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, கேள்வி 150 சொற்களுக்குள் இருக்க வேண்டும்" என்றார். அதோடு நிற்கவில்லை. ஒரு நிலையத்தின் அன்றாட நிர்வாகத்தைப் பற்றிக் கேட்டால், தன்னாட்சி அமைப்பின் உள்விவகாரம் என்று தள்ளிவிடுவார்களாம். "உங்கள் சித்தப்பா ரேடியோவை எடுத்துவிடுங்கள். மீனவக் கடற்கரைகளுக்கான ஒலிபரப்புக் கொள்கை என்ன என்று கேளுங்கள்." சித்தப்பாவைக் கேள்வியிலிருந்து நீக்கிவிட்டு எழுத மனம் வரவில்லை, ஆனாலும் எழுதினேன். (அ), (ஆ), (இ) என்று மூன்று பிரிவாகப் பிரித்தோம்.

நோட்டீசைக் குறைந்தது 15 நாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும். ஓர் உறுப்பினர் ஒரு நாளுக்குத் தரக்கூடிய நோட்டீசுகளுக்கு வரம்பும் உண்டு. ஆகவே கூட்டத்தொடர் தேதி வெளியானதுமே தயாராக நிற்க வேண்டும். பிறகு குலுக்கல். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்வி 20, நட்சத்திரமிடாதது 230. நட்சத்திரம் இருந்தால் அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்வார், துணைக்கேள்வியும் கேட்கலாம். இல்லையென்றால் எழுத்தில் பதில் வரும். மழைக்காலத் தொடரில் எங்கள் கேள்வி குலுக்கலில் விழவே இல்லை. குளிர்காலத் தொடரில் நட்சத்திரம் இல்லாமல் வந்தது. வாடைக்காற்று அடித்துப் படகுகள் கரையில் கிடந்த ஒரு மாலையில் உதவியாளர் பதிலை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

அரைப் பக்கம். வலை பின்னிக்கொண்டிருந்த சித்தப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். (அ)வுக்குப் பொதுவாக நாலு வரி. (ஆ)வுக்கு, இது தொடர்ந்து நடக்கும் பணி என்று ஒரு வரி. எந்த நேரத்தில், எவ்வளவு தூரம் வரை வானிலை அறிக்கை தெளிவாகக் கேட்கிறது என்று கேட்டிருந்த (இ)வுக்கு, "மேற்கண்டவாறு" என்று ஒரே சொல். மேலே இரண்டு முறை தேடினேன், அங்கே அப்படி ஒன்றுமில்லை. சித்தப்பா ஊசியை நிறுத்தாமல், "அப்படியென்றால் அதை மட்டும் திரும்பக் கேள்" என்றார்.

அடுத்த தடைக்காலம் வந்துவிட்டது. இப்போது (இ)யை மட்டும் தனிக் கேள்வியாக எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை 62 சொற்கள்.