வெல்லப்பாகும் அட்டைப் பாலமும்: ஆறு வாரம் எறும்பு எண்ணிய கதை

அம்மா சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டின் நடுவில் வைப்பதைப் பார்த்துத்தான் எனக்கு இந்த யோசனை வந்தது. மாடியில் ஒரு பூந்தொட்டிக்குள் கறுப்புச் சிற்றெறும்புகள் குடியிருந்தன. தொட்டியைத் தூக்கித் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் வைத்துவிட்டேன். இனி வெளியே வர ஒரே வழி, நான் வெட்டி ஒட்டிய அட்டைப் பாலம். அது நடுவில் இரண்டாகப் பிரிந்து மறுபடி ஒன்றாகச் சேரும். இரண்டு கிளையும் ஒரே நீளம். அக்கரையில் ஒரு பாட்டில் மூடியில் வெல்லப்பாகு.

நான் திரும்பச் செய்து பார்த்த இதன் மூலச் சோதனை பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில் நடந்தது. ழான்-லூயி டெனூபூர், சைமன் காஸ் முதலான ஆய்வாளர்கள் அர்ஜென்டினா எறும்பு என்ற இனத்தை இப்படிப்பட்ட பாலத்தில் விட்டுப் பார்த்து, 1989, 1990-இல் எழுதினார்கள். எறும்பு போகும் வழியில் மணத்தடம் விடுகிறது, பின்னால் வருவது மணம் கூடிய பக்கம் திரும்புகிறது. இது மட்டும் போதுமா, கூட்டம் ஒரு பாதையைத் தேர்ந்தெடுக்க? அவர்கள் கேட்டது இதைத்தான்.

முதல் வாரம் முழுக்க வீண். நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து, கண்ணில் பட்டதை எல்லாம் எழுதினேன். ‘இடப்பக்கமே கூட்டம்’ என்று மூன்று நாள் குறிப்பு. போனில் எடுத்த வீடியோவை நிறுத்தி நிறுத்தி எண்ணினால், இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமம்! வேகமாக ஓடுவதையும் முட்டிக்கொண்டு நிற்பதையும் என் கண் துரத்தியிருக்கிறது. அவை இடப்பக்கம் இருந்தன, அவ்வளவுதான். ஜீன் ஆல்ட்மன் 1974-லேயே இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். கென்யாவின் அம்போசெலியில் பபூன் குரங்குகளைக் கவனித்தவர் அவர். தோன்றியபடி குறிப்பெடுத்தால் பளிச்சென்று தெரியும் விலங்கும் செயலும்தான் நோட்டில் ஏறும், அதனால் எதை, எப்போது பார்ப்பது என்பதை முன்பே முடிவு செய்துகொள் என்பது அவர் வாதம். அப்புறம் நானும் திருந்தினேன். நிமிடத்துக்கு ஒரு படம், அந்தக் கணத்தில் எந்தக் கிளையில் எத்தனை எறும்பு, அது மட்டும்.

இரண்டாவது வாரம் வேறு கூத்து. தொடர்ந்து நான்கு முறை வலப்பக்கமே ஜெயித்தது. எனக்கு ஒரே சந்தோஷம். பிறகுதான் உறைத்தது, நான்கு நாளும் அதே அட்டை. நேற்றைய மணம் இன்றைக்கும் வழி காட்டியிருக்கலாம். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் புது அட்டை, பாலத்தின் திசையும் மாற்றி மாற்றி.

இப்படிப் பத்துச் சோதனை சேர்ந்தது. மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் இடம் 53 சதவீதம், வலம் 47. ‘சரிதான், எறும்புக்கு இரண்டும் ஒன்றுதான்’ என்று முடித்திருப்பேன். நல்லவேளை, தனித்தனியாக வரைபடம் போட்டேன். ஒரு நாள்கூடப் பாதிக்குப் பாதி இல்லை! சில நாள் பெரும்பாலும் இடம், சில நாள் பெரும்பாலும் வலம். முதல் பத்து நிமிடம் இரண்டிலும் பரவலாகப் போகும், அப்புறம் ஒரு பக்கம் சரியத் தொடங்கினால் திரும்பவே திரும்பாது. சராசரி காட்டிய ‘சமம்’ எந்த நாளிலும் நடக்காத ஒன்று. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த இடம்தான்.

டெனூபூர் குழுவின் சூத்திரம் இதைத்தான் பிடிக்கிறது. ஒரு கிளையில் இதுவரை போன எறும்புகளின் எண்ணிக்கையோடு 20-ஐக் கூட்டி வர்க்கம் எடு. மற்றக் கிளைக்கும் அப்படியே. அடுத்த எறும்பு எந்தப் பக்கம் திரும்பும் என்பதற்கான வாய்ப்பு, இந்த இரண்டின் விகிதம். பைத்தான் என்ற கணினி மொழியில் இதை நிரலாக எழுத முப்பது வரிகூட ஆகவில்லை. ஓடவிட்டால் என் மாடியில் நடந்ததே திரையிலும் நடந்தது. வர்க்கத்தை எடுத்துவிட்டு வெறும் விகிதத்தில் ஓட்டினேன். இப்போது பெரும்பாலும் 40-க்கும் 60-க்கும் இடையிலேயே நின்றுவிட்டது. அந்த 20 எதற்கு என்றும் மாற்றிப் பார்த்த பிறகுதான் விளங்கியது. அதைச் சின்னதாக்கினால் முதலில் போன நாலைந்து எறும்பே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடுகிறது. தொடக்கத்தில் நான் பார்த்த அந்தப் பத்து நிமிடத் தயக்கம் அதற்குள்தான் இருக்கிறது.

இங்கே வரை எல்லாம் சுகம். ஐந்தாவது வாரம் நீளப் பாலம் மட்டும் வைத்து, அரை மணி நேரம் கழித்துக் குட்டைப் பாலத்தைச் சேர்த்தேன். பிரஸ்ஸல்ஸில் அர்ஜென்டினா எறும்புகள் பழைய நீளப் பாதையையே பிடித்துக்கொண்டிருந்தன. என் நிரலும் அதையே சொன்னது. தொட்டிக்காரர்களோ கால்மணி நேரத்தில் பாதிக்கு மேல் குட்டைப் பாலத்துக்கு மாறிவிட்டார்கள். மூன்று முறை செய்தும் அதேதான்.

படங்களில் ஒன்றும் பிடிபடவில்லை, நிமிடத்துக்கு ஒரு படத்தில் திசை தெரியாது. மறுபடி வீடியோ. நீளப் பாதையின் நடுவில் பல எறும்புகள் சட்டென்று நின்று, வந்த வழியே திரும்புகின்றன. ஐரோப்பாவின் கறுப்புத் தோட்ட எறும்பும் இப்படித் திரும்பித் திரும்பித்தான் குட்டைப் பாதையைப் பிடிக்கிறது என்று அதே குழுவினர் 1992-இல் காட்டியிருக்கிறார்கள். என் நிரலில் பாலம் ஏறிய எறும்பு அக்கரை சேர்ந்தே தீரும்.

இந்த வாரம் திரும்பல்களை எண்ணுகிறேன். பாதி தூரத்தைத் தாண்டியவை திரும்புகின்றனவா, தாண்டும் முன்பா என்று இரண்டு பத்தி. நேற்று அம்மா செடிக்கு வழக்கம்போல் தண்ணீர் ஊற்றிவிட்டார். தொட்டியே காலியாகி, முட்டைகளைத் தூக்கிக்கொண்டு எல்லாம் பாலத்தின் மேல் வரிசை கட்டின. அப்போது போனில் சார்ஜ் இல்லை.