ஸ்டெப் 1-இல் சேரச் சொன்னார்கள்: அமெரிக்க மத்திய அரசில் பட்ஜெட் அனலிஸ்ட் சம்பளத்துக்குப் பட்ட பாடு

அமெரிக்க மத்திய அரசு வேலைக்கான டென்டேட்டிவ் ஆஃபரை (இறுதியாகாத முதல்கட்டப் பணி அழைப்பை) கையில் வைத்துக்கொண்டு யாராவது இதைப் படித்தால், மீதியைப் படிக்காவிட்டாலும் இதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளம் பற்றி எதைக் கேட்பதானாலும் வேலையில் சேரும் நாளுக்கு முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். "சேர்ந்த பிறகு பார்த்துக்கலாம்" என்று எச்.ஆர். (மனிதவளப் பிரிவு) சொன்னால் நம்பாதீர்கள். என்னிடம் அப்படித்தான் சொன்னார்கள். நம்பியிருந்தால் வருடத்துக்கு 11,034 டாலர் போயிருக்கும்.

வடக்கு வர்ஜீனியாவில் ஒரு கவுண்டி (மாவட்டம் போன்ற உள்ளூர்) அரசில் எட்டு வருடத்துக்கும் மேலாக பட்ஜெட் அனலிஸ்ட்டாக இருந்தேன். மதுரையில் படித்த எம்.காம்., இங்கே வந்த பிறகு எழுதி வாங்கிய சி.ஜி.எஃப்.எம். என்ற அரசு நிதி மேலாளர் சான்றிதழ், ஜி.எஃப்.ஓ.ஏ. என்ற அரசு நிதி அதிகாரிகள் சங்கத்தின் விருது பெற்ற பட்ஜெட் புத்தகங்களில் செய்த வேலை, இவ்வளவும் கையில் இருந்தன. குடியுரிமை கிடைத்ததும் மத்திய அரசுக்கு முயற்சி செய்தேன். காரணம் சம்பளம்தான், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. 2023 மே மாதக் கணக்கில் நாடு முழுவதும் பட்ஜெட் அனலிஸ்ட்களின் நடுத்தரச் சம்பளம் 84,940 டாலர் என்று அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை சொல்கிறது. ஆனால் எந்த வாசலில் நுழைகிறோம் என்பதைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். மத்திய அரசும் கன்சல்டிங் நிறுவனங்களும் மேலே இருக்கின்றன. பள்ளி, கல்லூரி பட்ஜெட் அலுவலகங்கள் அடியில் இருக்கின்றன. வேலை என்னவோ எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்: யார் எவ்வளவு கேட்கிறார்கள், எவ்வளவு கொடுக்கலாம், கொடுத்தது எங்கே போகிறது.

மத்திய அரசில் இந்த வேலைக்கு 0560 என்று தனி எண் உண்டு. ஜி.எஸ். என்ற பொதுச் சம்பள அட்டவணையில் வேலையின் நிலைக்கு ஒரு கிரேடு, அதற்குள் சம்பளம் படிப்படியாக ஏறும் பத்து ஸ்டெப், அதன் மேல் ஊருக்கு ஏற்ற கூடுதல் தொகையான லோக்காலிட்டி பே. இது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பலர் கவனிக்காதது, விளம்பரத்தில் இரண்டு ஊர்ப் பெயர் போட்டிருந்தால் என்ன ஆகும் என்பதுதான். 2024 அட்டவணையில் ஜி.எஸ். 11, ஸ்டெப் 1 வாஷிங்டன் டி.சி. வட்டாரத்தில் 82,764 டாலர். தனிப் பெயர் இல்லாமல் "மற்ற அமெரிக்கா" என்று சேர்த்துவிட்ட ஊர்களில் அதே வேலைக்கு 72,553. விண்ணப்பத்தில் ஊரைத் தேர்வு செய்யும் கட்டத்தில் அவசரப்படாதீர்கள். வீடு எங்கே என்பது கணக்கில்லை, ஆஃபரில் எழுதும் பணியிடம்தான் கணக்கு.

முதல் சண்டை கிரேடில் வந்தது. விளம்பரம் ஜி.எஸ். 9, 11, 12 என்று கிரேடுகளை ஏணி போல அடுக்கியிருந்தது. நான் 9, 11 இரண்டுக்கும் விண்ணப்பித்தேன். 9-க்குத் தகுதி உண்டு, 11-க்கு இல்லை என்று மின்னஞ்சல் வந்தது. 9-இல் நுழைந்தால் வாஷிங்டனில் 68,405 டாலர். கவுண்டியில் அதைவிட இருபதாயிரம் அதிகமாக வாங்கிக்கொண்டிருந்தேன். ஏன் தகுதியில்லை என்று கேட்டதற்கு, எனது வேலைக்கு ஜி.எஸ். கிரேடு எதுவும் இல்லை, அதனால் முதுகலைப் பட்டத்தை வைத்து 9 கொடுத்தோம் என்றார் அந்த எச்.ஆர். அதிகாரி. விதியில் இருப்பது அதுவல்ல. 11-க்கு வேண்டியது 9-க்கு "இணையான" ஒரு வருட அனுபவம். கவுண்டியோ தனியார் கம்பெனியோ, இணையாக இருந்தால் போதும்.

மறுபரிசீலனை கேட்டு எழுதினேன். கோபமாக எழுதவில்லை. விளம்பரத்தில் "சிறப்பு அனுபவம்" என்ற தலைப்பில் இருந்த ஒவ்வொரு வரியையும் அப்படியே எடுத்து, அதன் கீழே நான் எந்த வருடம், எந்தத் துறையின் பட்ஜெட்டில், எவ்வளவு தொகைக்கு அதைச் செய்தேன் என்று என் ரெஸ்யூமேயின் பக்க எண்ணோடு போட்டேன். புதிதாக ஒன்றையும் சேர்க்கவில்லை, சேர்க்கவும் கூடாது. விண்ணப்பக் கடைசி நாளுக்குப் பின் வரும் தகவலை அவர்கள் பார்க்க வேண்டியதில்லை. பதில் வர நாளானது, ஆனால் 11-க்கும் தகுதியுள்ளவர் பட்டியலில் என் பெயர் மேலாளருக்குப் போனது. அந்த மின்னஞ்சலைப் பார்த்துவிட்டு அன்று மதியம் சாப்பிடக்கூடத் தோன்றவில்லை, அவ்வளவு சந்தோஷம். "தகுதியில்லை" என்று வந்தால் அதோடு விட்டுவிடுகிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

நேர்காணல் நன்றாகப் போனது. டென்டேட்டிவ் ஆஃபர் வந்தது: ஜி.எஸ். 11, ஸ்டெப் 1.

தமிழ்ப் பள்ளியில் பழக்கமான அக்கா ஒருவர் வேறொரு மத்திய அரசு ஏஜென்சியில் (துறையில்) பல வருடமாக இருக்கிறார். அவரிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "ஸ்டெப் கேட்டியா?" என்பதுதான். கேட்டால் ஆஃபரையே எடுத்துவிடுவார்களோ என்று தயங்கினேன். "எடுக்க மாட்டாங்கம்மா. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்வாங்க, அவ்வளவுதான். ஆனா கேக்காதவங்களுக்கு எல்லாருக்கும் ஸ்டெப் 1தான்" என்றார். 'மேலான தகுதி' அடிப்படையில் முதல் நியமனத்திலேயே ஸ்டெப் 1-க்கு மேல் வைக்க விதி இருக்கிறது, மத்திய அரசு விதித் தொகுப்பில் 5 சி.எஃப்.ஆர். 531.212 என்று எண்ணையும் அவரே எழுதிக்கொடுத்தார். நான் ஸ்டெப் 7 கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன்.

அங்கிருந்துதான் அலைச்சல். எச்.ஆர். அதிகாரி, கடந்த சில மாதச் சம்பளச் சீட்டுகளை அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். பதிலே இல்லை. நினைவூட்டினேன், அப்போதும் இல்லை. அது 2024 செப்டம்பர் மாதம். பட்ஜெட் வேலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மத்திய அரசின் நிதியாண்டு செப்டம்பர் 30-இல் முடிகிறது. என்னைத் தேர்வு செய்த மேலாளரின் அலுவலகம் மொத்தமும் ஆண்டு இறுதிக் கணக்கில் மூழ்கியிருந்தது. போதாக்குறைக்கு, அடுத்த ஆண்டுக்கான ஒதுக்கீட்டுச் சட்டங்கள் நிறைவேறாமல், டிசம்பர் 20 வரைக்கும் தற்காலிக நிதி ஏற்பாடுதான் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் கிடைத்தது. இந்த வேலைக்கு ஆஃபர் வாங்குகிறவர்கள், முடிந்தால் ஆகஸ்டுக்குள் சம்பளப் பேச்சை முடித்துவிடுங்கள். செப்டம்பரில் உங்கள் மின்னஞ்சலைத் திறக்க அங்கே ஆள் இருக்காது.

அக்டோபரில் வேறொரு எச்.ஆர். அதிகாரி எழுதினார். பழையவர் வேறு பிரிவுக்குப் போய்விட்டாராம். சம்பளச் சீட்டை வைத்து ஸ்டெப் முடிவு செய்ய முடியாது, புதிய ஆவணம் வேண்டும் என்றார். அவர் சொன்னது சரிதான். பழைய சம்பளத்தைப் பார்த்துப் புதுச் சம்பளம் வைக்கக் கூடாது என்று மத்திய அரசின் பணியாளர் நிர்வாக அலுவலகமான ஓ.பி.எம். 2024 ஜனவரியில் விதியை மாற்றியது. ஏப்ரல் 1 முதல் அது அமலில் இருந்தது, எல்லா ஏஜென்சியும் அக்டோபர் 1-க்குள் அதற்கேற்ப மாற வேண்டியிருந்தது. வேறு இடத்தில் கிடைத்த போட்டி ஆஃபரின் தொகையையும் காட்ட முடியாது. அந்த விதி நல்ல விதி என்றே நினைக்கிறேன். குறைந்த சம்பளத்தில் ஆரம்பித்தவர்கள், குழந்தைக்காக நடுவில் வேலையை விட்டவர்கள், வேறு நாட்டில் உழைத்துவிட்டு வந்தவர்கள், இவர்களை அவர்களுடைய பழைய சம்பளமே காலமெல்லாம் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. ஆனால் விதி மாறியது முதல் அதிகாரிக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? செல்லாத தாளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு பல வாரத்தை வீணாக்கினார்கள். இப்போது யாராவது உங்களிடம் சம்பளச் சீட்டு கேட்டால், அது எதற்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

சரி, வேறு என்ன ஆவணம்? உங்கள் திறமை, அனுபவத்தின் தரம், அந்தத் திறமைக்கு வெளிச் சந்தையில் பொதுவாக என்ன கொடுக்கிறார்கள், அந்த இடத்துக்கு ஆள் கிடைப்பது எவ்வளவு சிரமம், இவற்றை வைத்து, ஏன் கூடுதல் ஸ்டெப் தர வேண்டும் என்ற நியாயக் குறிப்பை மேலாளர்தான் எழுத வேண்டும். எச்.ஆர். எழுதாது. நாம் கேட்டதை மேலாளருக்கு எச்.ஆர். சொல்லியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். என் விஷயத்தில் அவருக்கு யாருமே சொல்லவில்லை. நான் நேரடியாக எழுதியபோதுதான் அவருக்கே தெரிந்தது. பாவம், அவர் அன்றே பதில் போட்டார்.

குறிப்புக்கான விஷயங்களை ஒரு பக்கத்துக்குள் எழுதிக் கொடுத்தேன். எட்டு வருட அனுபவம் என்பதை ஒரே வரியில் முடித்துவிட்டேன், ஏனென்றால் அது எல்லோரிடமும் இருக்கும். மற்றவர்களிடம் இல்லாததற்கு இடம் கொடுத்தேன். கவுண்டியில் பணியாளர் சம்பளச் செலவைக் கணிக்க நானே கட்டிய மாடல், அது வந்த பிறகு நடு ஆண்டில் கூடுதல் ஒதுக்கீடு கேட்பது குறைந்தது, மத்திய அரசு மானியப் பணத்தைக் கண்காணித்ததால் அந்தப் பக்கத்து விதிகள் ஏற்கெனவே பழக்கம், சி.ஜி.எஃப்.எம். சான்றிதழ். அந்தச் சான்றிதழ் தனியாக ஒரு டாலர்கூடக் கூட்டித் தராது. ஆனால் இந்த மாதிரிக் குறிப்பில் அதற்கு எடை உண்டு. மேலாளர் என் எழுத்தைத் தன் மொழியில் திருத்தி, தான் ஏற்கெனவே ஒரு முறை விளம்பரம் செய்து ஆள் கிடைக்காமல் போனதையும் சேர்த்து அனுப்பினார். கடைசியில் அந்த வரிதான் அதிகம் உதவியது என்று பின்னால் சொன்னார்.

குறிப்பு மேலே போனது. அங்கே நிற்கும்போதே எச்.ஆர். தொலைபேசியில் அழைத்து, அடுத்த சம்பளக் காலத்தின் முதல் திங்கட்கிழமை சேர முடியுமா என்று கேட்டது. ஸ்டெப் முடிவாகவில்லையே என்றேன். "சேருங்கள், ஒப்புதல் வந்ததும் திருத்திவிடலாம்" என்றார்கள். விதியில் தெளிவாக இருக்கிறது: வேலையில் சேரும் முன்பே ஒப்புதல் கையெழுத்தாகியிருக்க வேண்டும். பின்தேதியிட்டுக் கொடுக்க வழியில்லை. அன்று மாலையே மின்னஞ்சலில், தொலைபேசியில் பேசியதைக் குறிப்பிட்டு, விதியின் எண்ணையும் போட்டு, சேர்ந்த பிறகு திருத்த முடியும் என்பதை எழுத்தில் உறுதி செய்ய முடியுமா என்று கேட்டேன். உறுதி வரவில்லை. சேரும் தேதியைத் தள்ளிவைக்கிறோம் என்ற பதில்தான் வந்தது. தொலைபேசியில் எளிதாகச் சொல்லும் எத்தனையோ விஷயத்தை எழுதச் சொன்னால் எழுத மாட்டார்கள். கவுண்டி வேலையை ராஜினாமா செய்யாமல் அதுவரை பொறுத்திருந்தது எனக்குப் பெரிய பலம். ஃபைனல் ஆஃபர் வரும்வரை யாரும் இருக்கிற வேலையை விடாதீர்கள்.

கடைசியில் ஸ்டெப் 5 கிடைத்தது. 93,798 டாலர். ஸ்டெப் 1-இல் சேர்ந்து இதே ஸ்டெப் 5-க்கு வர ஐந்து வருடம் ஆகும்: முதல் மூன்று ஏற்றத்துக்கு ஒவ்வொரு வருடம், 4-இலிருந்து 5-க்கு இரண்டு வருடம். அந்த ஐந்து வருடம் மொத்தமாகக் கையில் வந்த மாதிரி. இன்னொரு நன்மையை நான் எதிர்பார்க்கவே இல்லை. 12-க்குப் பதவி உயர்வு வரும்போது, இப்போதைய அடிப்படைச் சம்பளத்தோடு இரண்டு ஸ்டெப் கூட்டி, அதற்குக் குறையாத இடத்தில் வைப்பார்கள். 2024 அடிப்படை அட்டவணையில் என் கணக்கு 74,527 வருகிறது. 12-இன் ஸ்டெப் 1 என்பது 74,441. வெறும் 86 டாலர் தாண்டுவதால் நேராக ஸ்டெப் 2-இல் நிற்பேன். ஸ்டெப் 4-இல் சேர்ந்து அங்கிருந்தே உயர்ந்திருந்தால் இது கிடைக்காது. எந்த ஸ்டெப் கேட்பது என்று முடிவு செய்வதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

கையில் வரும் பணம் வேறு கணக்கு. ஓய்வூதியத்துக்கு 4.4 சதவீதம் பிடிக்கிறார்கள். டி.எஸ்.பி. என்ற ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டத்தில் நாம் 5 சதவீதம் போட்டால் அரசும் 5 சதவீதம் போடும், அதை விடக்கூடாது. தனியாரில் இருக்கும் நண்பர்கள் போனஸைச் சேர்த்துச் சொல்லும் தொகை பெரிதாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே பக்கத்து மேசைக்காரர் என்ன வாங்குகிறார் என்று தெரியாது. இங்கே அட்டவணை ஊருக்கே திறந்து கிடக்கிறது. அப்படித் திறந்து வைத்துவிட்டு, எந்த இடத்தில் நுழைவது என்பதை மட்டும் கேட்டவர்களுக்கே சொல்வது அநியாயம். காசைப் பற்றிப் பேசுவது மரியாதையில்லை என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நம்மில் அதிகம். அவர்கள்தான் இதில் ஏமாறுகிறார்கள்.

விடுமுறையையும் மறக்காதீர்கள். வெளி அனுபவத்தை விடுமுறைக் கணக்கில் சேர்க்கச் சொல்லியும் சேரும் முன்பே கேட்கலாம். புதியவர்களுக்கு வருடத்துக்கு 13 நாள். மூன்று வருடத்துக்கு மேல் சேவை இருந்தால் 20 நாள். எனக்கு 20 கொடுத்திருப்பதாக ஒப்புதல் கடிதத்தில் இருக்கிறது. ஒரு வருடம் முழுதாக வேலை செய்தால்தான் அந்தச் சலுகை நிலைக்கும்.

சேர்ந்ததும் நியமன விவரங்களைப் பதிவு செய்யும் எஸ்.எஃப். 50 படிவம் வரும். அதைப் பத்திரப்படுத்தும் முன் படியுங்கள். 18-ஆம் கட்டத்தில் கிரேடு, 19-இல் ஸ்டெப், 20-இல் மொத்தச் சம்பளம். என்னுடையதில் ஸ்டெப் சரியாக 05 என்றே இருந்தது. ஆனால் 31-ஆம் கட்டத்தில், விடுமுறைக்கான சேவை தொடங்கும் தேதியாக நான் சேர்ந்த நாளையே போட்டுவிட்டார்கள், எட்டு வருடத்தைக் காணோம். ஒப்புதல் கடிதத்தை இணைத்துத் திருத்தம் கேட்டிருக்கிறேன். அந்தக் கடிதம் என் சொந்த மின்னஞ்சலிலும் இருப்பதால், யார் பிரிவு மாறிப் போனாலும் கவலையில்லை.